எப்போது போனாலும் அதே ருசி: ஓட்டலுக்கு அது பெருமையா, குறையா?

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாதம் வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் பல மெக்டொனால்ட்ஸ் கடைகளில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தங்கள் தர அளவுகோலுக்கு ஏற்ற தக்காளி போதிய அளவு கிடைக்காததால், தற்காலிகமாகப் பர்கரில் தக்காளி இருக்காது என்றது அது. அதே மாதம் தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. நம் ஊர் ஓட்டல்கள் பலவற்றில் தக்காளிச் சட்னி காணாமல் போனது. ரசத்தில் புளி ஏறியது. யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை. சாப்பிட வந்தவர்களும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு துண்டுத் தக்காளிக்கு ஏன் அவ்வளவு விளக்கம் என்று அப்போது பலர் வியந்தார்கள். அந்தக் கடை விற்பது பர்கரை மட்டுமல்ல. நேற்று தின்றதுதான் இன்றும் கிடைக்கும் என்ற உறுதியையும் சேர்த்தே விற்கிறது. அந்த உறுதியில் ஒரு துண்டு குறைந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஓட்டலிடம் நாம் வாங்குவது வேறொன்று. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தால்தான், "அந்தக் கடையில் ருசி மாறிவிட்டது" என்று நொந்துகொள்ளும் அதே மனிதர், "எங்கே போனாலும் ஒரே மாதிரிச் சாப்பாடு" என்றும் அலுத்துக்கொள்வது ஏன் என்று விளங்கும்.

## சாப்பாடு எந்த வகைப் பொருள்?

நாம் காசு கொடுத்து வாங்குபவற்றைப் பொருளியல் அறிஞர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

1. வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. சேலையின் நிறம், மேசையின் நீளம் போன்றவை.

2. அனுபவித்துப் பார்த்தால்தான் தெரிபவை. பிலிப் நெல்சன் 1970-இல் இந்த வேறுபாட்டை வரையறுத்தார். சாம்பார் நன்றாக இருக்கிறதா என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரியும். அதற்குள் பணம் போனதுபோலத்தான்.

3. அனுபவித்த பிறகும் தெரியாதவை. இந்த மூன்றாம் வகையை 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் சேர்த்தார்கள். வடை சுட்ட எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்பதை வடையைத் தின்றவரால் சொல்ல முடியாது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும், நாக்கு போதாது.

ஓட்டல் சாப்பாடு இரண்டாம் வகையிலும் மூன்றாம் வகையிலும் ஒருசேர நிற்கிறது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது; கெட்டிருந்தால் மறுநாள்தான் தெரியும். ஆகவே கடைக்குள் நுழைகிறவர், உள்ளே இருப்பதைப் பற்றி ஏதாவது ஓர் அடையாளத்தை வெளியிலேயே தேடுகிறார். பெயர்ப்பலகை, கூட்டம், எத்தனை வருடக் கடை, யார் சொன்னார்கள் என்பவையெல்லாம் அந்த அடையாளங்கள். மாறாத்தன்மை இவற்றுக்கெல்லாம் அடிப்படை. நேற்றைய தரத்துக்கும் இன்றைய தரத்துக்கும் தொடர்பே இல்லை என்றால், எந்த அடையாளமும் எதையும் சொல்லாது.

இதற்கு நம்மிடையே நல்ல சான்று இருக்கிறது. 1957-இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாகட்டி என்று பெயர் பெற்றது. சீரகச் சம்பா அரிசியில் செய்யும் அந்த பிரியாணியின் பெயர் பரவியதும், ஓர் எழுத்தை மாற்றியும் மாற்றாமலும் பல ஊர்களில் அதே பெயரில் கடைகள் முளைத்தன. வழக்கு நீதிமன்றம் வரை போனது. சமையல் குறிப்பைத் திருடுவதைவிடப் பெயரை எடுத்துக்கொள்வது லாபமாக இருந்தது. காரணம், பல ஆண்டுகள் மாறாமல் கொடுத்த தரம் முழுவதும் அந்தப் பெயரில்தான் சேமிப்பாக இருந்தது.

## வழிப்போக்கரும் உள்ளூர்க்காரரும்

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை அவருக்கு 2001-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் மோசமான பொருள் நல்ல பொருளை எப்படி விரட்டுகிறது என்பதே அதன் பேச்சு. பழைய கார்களை வைத்து எழுதியது. ஆனால் இடையில் ஓட்டல்களைப் பற்றி ஒரு கூர்மையான கவனிப்பு வருகிறது. அமெரிக்காவில், ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலி உணவகங்கள் பெரும்பாலும் ஊர்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளில்தான் இருக்கின்றன. அங்கே சாப்பிடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். சராசரி உள்ளூர்க் கடையைவிடச் சங்கிலிக் கடை நல்ல பர்கரைத் தருகிறது. ஆனால் ஊரை அறிந்தவர் தனக்குப் பிடித்த, அதைவிட மேலான ஒரு கடையை எப்படியும் தேடிக்கொள்வார். அகர்லாஃப் சொன்னது அவ்வளவுதான். மாறாத்தன்மையைப் பற்றிய பாதி விவாதம் இந்தச் சில வாக்கியங்களிலேயே தீர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

வரலாறும் அதையே காட்டுகிறது. பிரெட் ஹார்வி 1876 முதல் அமெரிக்க ரயில் பாதைகளை ஒட்டி உணவகங்கள் நடத்தினார். ரயில் நிலையச் சாப்பாடு என்றாலே மக்கள் முகம் சுளித்த காலம் அது. அவர் ஊருக்கு ஊர் ஒரே தரம் கொடுத்துப் பெயர் வாங்கினார். 1921-இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிடாவில் தொடங்கிய ஒயிட் காசில், கொத்துக்கறி என்றாலே சந்தேகப்பட்ட மக்களுக்காகச் சுவர் முதல் தரை வரை வெள்ளையாக்கிச் சுத்தத்தைக் கண்ணில் காட்டியது. அறிமுகமற்ற ஆளிடமிருந்து அறிமுகமற்ற ஊரில் சாப்பாடு வாங்கும் பயம்தான் இவற்றின் மூலதனம்.

சென்னை கே.கே. நகரில் 1981-இல் தொடங்கிய சரவண பவன் 2000-இல் துபாய்க்குப் போனதும், பிறகு தமிழர்கள் வாழும் பல வெளிநாட்டு நகரங்களில் கிளை விரித்ததும் இதே கணக்குத்தான். வேற்று நாட்டில் முதல் வாரத்தைக் கழிக்கிறவருக்கு உன்னதமான சாம்பார் தேவையில்லை. தெரிந்த சாம்பார் போதும்.

இனி எதிர்ப்பக்கம். நெடுஞ்சாலையில் தொலைதூரப் பேருந்துகள் நிற்கும் உணவகங்களை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் பேருந்து நிற்கிறது. விளக்கு வெளிச்சம், பாட்டுச் சத்தம், எண்ணெய் வடியும் பரோட்டா, வெளியில் விற்பதைவிட அதிக விலையில் தண்ணீர் பாட்டில். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பெரும்பாலும் தனி மேசை. இங்கே நிற்பது என்று முடிவு செய்கிறவர் வேறு, காசு கொடுக்கிறவர் வேறு. பயணி அந்தக் கடையைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அடுத்த முறை தவிர்க்கவும் அவரால் முடியாது. ஆகவே தரத்தைக் காக்க வேண்டிய எந்தக் கட்டாயமும் கடைக்காரருக்கு இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கடைகளும் கணிக்கக்கூடியவையே. மோசமாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தயிர்சாதமோ இட்லிப்பொடி தடவிய இட்லியோ கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். கணிக்க முடிவது வேறு, நன்றாக இருப்பது வேறு. வாடிக்கையாளர் திரும்பி வருவாரா, வராமல் இருக்க அவருக்கு வழி இருக்கிறதா என்பவைதான் மாறாத்தன்மையைத் தரத்தோடு பிணைக்கின்றன.

## மாறாமல் இருக்க வேண்டியது எது?

"எப்போது போனாலும் அதே மாதிரி" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அதற்குள் குறைந்தது ஐந்து தனித்தனி உறுதிமொழிகள் இருக்கின்றன.

1. சுத்தம். இதில் மாற்றத்துக்கு இடமே கிடையாது. அதிகம் பேச வேண்டியதில்லை.

2. விலை. பில் வரும்போது அதிர்ச்சி இருக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வெண்டிஸ் நிறுவனத் தலைமைச் செயல் அதிகாரி, நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் முறையைச் சோதிக்கப்போவதாகச் சொன்னார். கூட்ட நேரத்தில் விலையை ஏற்றப் போகிறார்கள் என்று கொதிப்பு எழுந்தது. அப்படி நோக்கமில்லை என்று நிறுவனம் உடனே விளக்கம் தர வேண்டியதாயிற்று. விமான டிக்கெட்டில் நாம் பொறுத்துக்கொள்வதைச் சாப்பாட்டில் பொறுப்பதில்லை. பசியோடு வருகிறவரிடம் பேரம் பேசுவது போல அது படுகிறது.

3. அளவும் நேரமும். வடையின் எடை, சாப்பாட்டில் மறுசோறு உண்டா, எத்தனை நிமிடத்தில் மேசைக்கு வரும்.

4. ருசியின் தரம். உப்பு, புளிப்பு, பதம் ஒரு வரம்புக்குள் இருப்பது.

5. பட்டியல். இன்று என்ன கிடைக்கும் என்பது நேற்றே தெரிவது.

முதல் நான்கும் மாறாமல் இருப்பது எந்தக் கடைக்கும் நல்லது. ஐந்தாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும். இந்த விவாதத்தில் குழப்பம் வருவதெல்லாம் நான்காவதையும் ஐந்தாவதையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான். தரம் மாறாமல் இருக்க வேண்டுமானால் பட்டியலும் மாறக் கூடாது என்று சங்கிலிக் கடை நினைக்கிறது. தினம் புதிதாகச் செய்தால் தரம் ஏறி இறங்குவது சகஜம் என்று சில சமையற்காரர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூலப்பொருள் விலை ஏறும்போது இந்த ஐந்தையும் சேர்த்துப் பிடித்து வைக்க முடியாது. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். மெக்டொனால்ட்ஸ் விலையையும் தரத்தையும் பிடித்துக்கொண்டு, பண்டத்தில் ஒரு பகுதியை விட்டது. நம் ஊர்க் கடை பெரும்பாலும் அளவையோ ருசியின் தரத்தையோ விடுகிறது: பூரி சிறுக்கிறது, தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை கூடுகிறது, சாம்பாரில் பருப்பு அடியில் தங்காமல் தண்ணீர் மேலே நிற்கிறது. பெங்களூருவில் 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு ஓட்டல் விலைகளைக் கட்டுப்படுத்தியபோது, அந்த விலைக்குத் தன் தரத்தைக் கொடுக்க முடியாமல் ஓட்டலை மூடியது. உடனடி மாவுக் கலவைகள் பக்கம் திரும்பியது. தரத்தைப் பிடித்துக்கொண்டு கடையையே விட்ட கதை அது. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர்சாதம் மூன்று ரூபாய் என்று விலை நிர்ணயிக்கப்பட்டது. அந்த விலை நிலைத்து நிற்க, வித்தியாசத்தை அரசுப் பணம் சுமக்க வேண்டியிருக்கிறது. மாறாத ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம், அதற்காக மாறிக்கொண்டிருப்பது எது என்று கேட்பது நல்ல பழக்கம்.

## ஒரே அளவு போட்டால் ஒரே ருசி வராது

மாறாத ருசி என்றால் எழுதி வைத்த அளவை அப்படியே போடுவது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். சமையற்கட்டுக்குள் நின்று பார்த்தால் கதை வேறு.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்பது மாவில் வாழும் நுண்ணுயிர்களால். அவற்றில் முதன்மையானது லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. சென்னையின் மே மாத இரவில் மாவு சில மணி நேரத்தில் பொங்கிவிடும். அதே மாவு ஊட்டியின் ஜனவரியில் மறுநாள் காலை வரை அசையாமல் கிடக்கும். அதோடு, இந்த வருடத்துப் புது உளுந்தும் கிடங்கில் பழசான உளுந்தும் ஒரே அளவு தண்ணீர் இழுப்பதில்லை. ஒரே மாதிரி உபரி காண்பதும் இல்லை. மே மாதத்தில் எழுதிய அளவையும் நேரத்தையும் டிசம்பரில் அப்படியே பின்பற்றினால் கல் போன்ற இட்லிதான் கிடைக்கும். அனுபவமுள்ளவர் கிரைண்டரை நிறுத்தி, மாவைக் கையில் எடுத்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு மிதக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்பத் தண்ணீரையும் உப்பையும் மாற்றுகிறார்.

சாம்பாரும் அப்படித்தான். மாசி, பங்குனியில் வரும் புதுப் புளி வெளிர் நிறத்தில், சுருக்கென்ற புளிப்போடு இருக்கும். வைத்த புளி கறுத்து, புளிப்பு தணிந்து, கனம் ஏறியிருக்கும். நாட்டுத் தக்காளி வந்தால் புளியைக் குறைக்க வேண்டும். பெங்களூர்த் தக்காளி வந்தால் கூட்ட வேண்டும். இதையெல்லாம் சரிக்கட்டுகிறவர்தான் சரக்கு மாஸ்டர். சாம்பார், குழம்பு, கூட்டு என்று ஓட்டலின் அடிப்படை ருசி முழுவதும் அவர் கையில். ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் அரை ஆழாக்குப் புளித்தண்ணி" என்று அவர் சொல்வது, அளவை மீறுவது போலத் தெரியும். நேற்றைய ருசிக்கு இன்றைய சாம்பாரைக் கொண்டுவருவதே அந்த அரை ஆழாக்குதான்.

ஆக, மாறாத ருசிக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன.

1. மூலப்பொருளையே மாறாததாக்கிவிடுவது. அப்போது எழுதி வைத்த அளவு போதும். சமைப்பவரின் தீர்ப்பு தேவையில்லை.

2. மூலப்பொருள் மாறுவதை ஏற்றுக்கொண்டு, சமைப்பவரின் கையால் ஈடுகட்டுவது.

முதல் பாதையின் உச்சம் பிரெஞ்சு பிரைஸ். உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சர்க்கரை கூடினால் வறுக்கும்போது கறுக்கிறது. ஈரம் கூடினால் மொறுமொறுப்பு வராது. மெக்டொனால்ட்ஸ் 1996-இல் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே விளைந்த சாதாரண உருளைக்கிழங்கு அதன் நீளத்துக்கும் ஈரத்துக்கும் ஒத்துவரவில்லை. அதற்குச் சரக்கு தரும் மெக்கெயின் நிறுவனம் குஜராத் விவசாயிகளிடம் வேறு ரகங்களைப் பயிரிடச் செய்து, மெசானாவில் ஆலை அமைத்தது. கடையில் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கிற இளைஞர் மணி அடித்ததும் கூடையைத் தூக்கினால் போதும். அவர் தீர்மானிக்க வேண்டியதையெல்லாம் வயலிலும் ஆலையிலும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள். இந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. பெரிய சாதனை அது.

அளவு எழுதி வைப்பது மேல்நாட்டார் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். கோயில் கல்வெட்டுகளில் படையலுக்கு எத்தனை நாழி அரிசி, எவ்வளவு பருப்பு, நெய், மிளகு என்று சோழர் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். திருப்பதி லட்டுக்கு இன்றும் பொருள்களின் அளவை வரையறுக்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் அந்த அளவுகள் செலவுக்கும் கணக்குக்கும் காவல்; பாகின் பதத்தை மடைப்பள்ளியில் நிற்பவர்தான் பார்க்க வேண்டும்.

## எப்போது அது குறையாகிறது?

முதல் பாதையை மட்டும் நம்பி வளர்ந்த ஓட்டல்களில் மூன்று இழப்புகள் நேர்கின்றன.

1. ருசிக்காகப் பொருளைத் தேர்ந்தெடுப்பது போய், சீராக இருப்பதற்காகத் தேர்ந்தெடுப்பது வருகிறது. எல்லாக் கிளைகளுக்கும், எல்லா மாதங்களிலும் கிடைப்பதே நல்ல பொருள் என்றாகிறது. இரண்டு மாதம் மட்டும் வரும் மாவடு, மழைக்குப் பிறகு முளைக்கும் கீரை, ஒரு வட்டாரத்தில் மட்டும் விளையும் கத்தரிக்காய் ஆகியவை பட்டியலுக்குள் நுழையவே முடியாது. மாநிலம் முழுவதும் ஒரே குருமா, ஒரே பட்டர் மசாலா என்று பரவியிருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

2. ருசியின் ஓரங்கள் மழுங்குகின்றன. பல ஊர்களுக்கும் பல நாக்குகளுக்கும் ஒரே சாம்பார் போக வேண்டுமென்றால், யாரும் குறை சொல்லாத அளவுக்குக் காரமும் புளிப்பும் குறைகின்றன. இனிப்பு கொஞ்சம் ஏறுகிறது. யாரும் வெறுக்காத சாம்பார் அது. அதற்காகப் பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறவரும் யாரும் இல்லை.

3. சமைப்பவரின் அறிவு வளர்வதற்கான இடம் போகிறது. சமூகவியலாளர் ஜார்ஜ் ரிட்ஸர் 1993-இல் நவீன வாழ்க்கை மெக்டொனால்ட்ஸ் முறைக்கு மாறிவருவதை விளக்கியபோது நான்கு கூறுகளைச் சொன்னார்: திறன், எண்ணிக்கையால் அளத்தல், முன்கூட்டியே தெரிதல், கட்டுப்பாடு. மூன்றாவது வேண்டுமென்றால் நான்காவது கூடவே வரும். மையச் சமையலறையிலிருந்து மாவும் பொடியும் வந்து இறங்கும் கிளையில், மாஸ்டர் என்ற பெயரில் நிற்கிறவருக்கு எதையும் மாற்ற அனுமதி இல்லை. புளி மாறினால் அவருக்குத் தெரியும். ஆனால் கை வைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிய இழப்பாகப் படுகிறது. முதல் இரண்டையும் வேறு கடைக்குப் போய் ஈடுகட்டலாம். அடுத்த தலைமுறைச் சரக்கு மாஸ்டர்கள் உருவாகாவிட்டால், போவதற்கு அந்த வேறு கடையும் இருக்காது.

## மெஸ் கண்டுபிடித்த வழி

தினமும் ஒரே இடத்தில் சாப்பிடுகிறவரின் சிக்கலை நம் மெஸ்கள் எப்போதோ தீர்த்துவிட்டன. அறை எடுத்துத் தங்கியிருக்கும் வேலைக்காரர்கள், மாணவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சாப்பாட்டுக்காரர்கள். அவர்களுக்கு ஒரே சாம்பாரை முப்பது நாளும் போட்டால் பத்தாம் நாள் ஆளைக் காணாது.

ஆகவே மெஸ்ஸில் கிழமைக் கணக்கு. செவ்வாய் என்றால் வத்தக்குழம்பு, வியாழன் மோர்க்குழம்பு, வெள்ளிக்கிழமை பாயசம், ஞாயிறு உருளைக்கிழங்கு வறுவல் என்பது போல. பொரியல் மட்டும் அன்று சந்தையில் மலிவாகக் கிடைத்த காய். உட்கார்ந்த வாடிக்கையாளருக்கு வாரத்தின் வடிவம் தெரியும். அன்றைய இலையில் ஒரு மூலை தெரியாது. விலை, சுத்தம், அளவு, ருசியின் தரம் நான்கும் கட்டியவை. பட்டியல் பாதி கட்டியது, பாதி அவிழ்த்தது. மலிவான காயை வாங்குவதால் முதலாளிக்கும் கையைக் கடிப்பதில்லை.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. ஒரு உணவைத் தின்னத் தின்ன அதன் மீதான விருப்பம் மட்டும் குறைகிறது, தின்னாத மற்ற உணவுகள் மீதான விருப்பம் அவ்வளவாகக் குறைவதில்லை என்று பார்பரா ரோல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் காட்டினார்கள். குழம்பு, ரசம், மோர் என்று ஒரே சோற்றை மூன்று முறை வேறாக்கும் நம் இலைச் சாப்பாடு அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. சோறும் தயிரும் அலுப்பதில்லை. தீவிர மசாலா சீக்கிரம் அலுத்துவிடும்.

உலகின் மறுகோடியிலும் இதே விடையைக் கண்டவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-இல் தொடங்கிய ஷே பனீஸ் உணவகத்தில், வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று நிர்ணயித்த ஒரே சாப்பாடு, மறுநாள் வேறு. ஸ்பெயினில் ஃபெர்ரான் அத்ரியாவின் எல் புல்லி இன்னும் தூரம் போனது. வருடத்தில் ஏறத்தாழ பாதி நாள் கடையை மூடி ஆராய்ச்சி செய்து, ஒவ்வோர் ஆண்டும் புதுப் பட்டியலோடு திறந்தது. 2011-இல் ஓட்டலாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆச்சரியத்தை மட்டும் விற்பது எத்தனை செலவு பிடித்த காரியம் என்பதற்கு அது உதாரணம். அத்தகைய உணவகங்களையும் எடைபோடும் மிஷ்லின் கையேடு, நட்சத்திரம் தர ஐந்து அளவுகோல்களை வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று சமையற்கலைஞரின் தனித்தன்மை. இன்னொன்று, பட்டியல் முழுவதிலும் காலப்போக்கிலும் தரம் மாறாதிருப்பது. புதுமையை மெச்சுகிறவர்களும் பலமுறை போய்ப் பார்த்துத்தான் மெச்சுகிறார்கள்.

## சாப்பிடுகிறவர் என்ன செய்வது?

புதுசு வேண்டும் என்று நாம் சொல்வதை முழுவதும் நம்ப முடியாது. இத்தாமர் சைமன்சன் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வரப்போகும் வாரங்களுக்கான தின்பண்டங்களை மாணவர்கள் முன்கூட்டியே ஒரே தடவையில் தேர்ந்தெடுத்தபோது விதவிதமாகக் கேட்டார்கள். ஒவ்வொரு வாரமும் அந்தந்த வேளையில் தேர்ந்தெடுத்தபோது, பிடித்ததையே பெரும்பாலும் கேட்டார்கள். யோசிக்கும்போது விரும்புவது ஒன்று. பசிக்கும்போது கேட்பது வேறு. பத்துப் பக்க மெனுவைப் புரட்டிவிட்டு "ஒரு நெய் ரோஸ்ட்" என்று சொல்கிற கூட்டத்தை எந்தச் சப்ளையரும் அறிவார்.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தார்: ஓர் உணவகத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் போகப் போகிறோம் என்றால், எதுவரை புதுப் பண்டங்களைச் சோதிப்பது, எப்போது இதுவரை பிடித்ததிலேயே நின்றுவிடுவது? விடை, இன்னும் எத்தனை முறை போவோம் என்பதைப் பொறுத்தது. நிறைய வேளைகள் மீதமிருந்தால் சோதித்துப் பார்ப்பது லாபம். நல்லது ஒன்று அகப்பட்டால் அதைப் பலமுறை அனுபவிக்கலாம். கடைசி வேளையில் சோதனைக்குப் பயனில்லை.

இதை ஓட்டலைத் தேர்ந்தெடுப்பதற்கும் பொருத்தலாம். குழந்தையோடு தெரியாத ஊரில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கினால், தெரிந்த பெயர்ப்பலகைக்குள் நுழைவதே சரி. அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. குடியிருக்கும் தெருவில் புதிதாக ஒரு கடை திறந்தால் முதல் மாதமே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நடைமுறையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சுற்றுலா போன இடத்தில் புதுக் கடைகளைச் சோதித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள், சொந்த ஊரில் பத்து வருடமாக ஒரே கடை.

## மதிப்பெண்கள் வந்த பிறகு

அகர்லாஃப் எழுதிய காலத்தில் வழிப்போக்கருக்கு உள்ளூர் அறிவு கிடைக்க வழியில்லை. இப்போது கைபேசியில் நட்சத்திர மதிப்பெண் இருக்கிறது. அப்படியானால் சங்கிலிக் கடைகளின் சாதகம் குறைந்திருக்க வேண்டும். ஓரளவு குறைந்தும் இருக்கிறது. சந்துக்குள் இருக்கும் பத்து மேசை மெஸ்ஸை வெளியூர்க்காரர் தேடி வருகிறார்.

ஆனால் மதிப்பெண் முறை வேறொரு அழுத்தத்தைக் கொண்டுவந்திருக்கிறது. பத்து நாள் நன்றாகச் செய்து ஒருநாள் புளிப்பு ஏறிவிட்டால், அந்த ஒருநாள் வந்தவர் போடும் ஒற்றை நட்சத்திரம்தான் பேசப்படும். வீட்டுக்குப் பார்சல் வரும்போது, இன்று தக்காளி மோசம் என்று விளக்கச் சப்ளையரும் இல்லை. "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று சமாதானப்படுத்தவும் யாரும் இல்லை. ஆகவே கடைக்காரர் துணிச்சலைக் குறைத்துக்கொள்கிறார்: தயார் நிலையில் வரும் மசாலாக் கலவை, குளிரூட்டி வந்த பரோட்டா, எல்லாக் கடையிலும் விற்கும் அதே இருபது பண்டங்கள். தரத்தின் தாழ்ந்த எல்லை உயர்ந்திருக்கிறது, உண்மை. உயர்ந்த எல்லை தாழ்ந்துகொண்டிருக்கிறது.

கிளைகள் வைத்திருக்கும் ஓட்டல்காரர்கள் செய்யக்கூடிய ஒரு மாற்றம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மையச் சமையலறை பொடியையும் மாவையும் அனுப்பட்டும். புளி, உப்பு, தண்ணீர், புளிக்கவிடும் நேரம் ஆகிய நான்கிலும் கிளையின் சரக்கு மாஸ்டருக்கு ஒரு வரம்புக்குள் கை வைக்கும் உரிமை கொடுக்க வேண்டும். என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை ஒரு நோட்டில் அவர் எழுதி வைக்க வேண்டும். கூடவே வாரத்தில் ஒருநாள், அந்த ஊர்ச் சந்தையில் வாங்கிய காயில் அவர் விருப்பப்படி ஒரு கூட்டோ குழம்போ. அதற்கு எழுத்தும் நாக்கும் தேர்ந்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு, மணி அடித்ததும் எண்ணெய்க் கூடையைத் தூக்குகிறவரின் சம்பளம் கொடுத்தால் நிற்க மாட்டார். அந்தச் சம்பளம் சாம்பார் சாதத்தின் விலையில் ஏறும்.